மூன்றாவது ரவைக்கூடு

கிறிகோரிக்குக் கடலைக் கண்டாலே தலை சுற்றும். வள்ளத்தில் ஏற்றிவிட்டால் பத்து நிமிடத்தில் வாந்தி எடுப்பான். அப்படிப்பட்ட மனிதனின் இத்தாலியக் கோப்பில், தொழில் என்ற இடத்தில், 'மீனவன்' என்று எழுதியிருந்தது. எழுதச் சொன்னவனும் அவன்தான். பேசாலை என்ற மீனவ ஊரில் பிறந்தவன் தன்னை மீனவன் என்று சொன்னால் எந்தப் பொலிஸ்காரன் சந்தேகப்படப் போகிறான்?

உண்மையில் அவன் தச்சன். நல்ல தச்சன் என்று சொன்னாலும் குறைவுதான். ஆனால் எண்பத்தாறாம் ஆண்டு இயக்கப் பெடியன்கள் நாலு பேர் அவனுடைய பட்டறைக்கு வந்து, பயிற்சிக்கு மரத்துவக்கு வேண்டும், நாற்பது வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காலமா அது? செய்தான். முப்பத்தொன்பது போய்ச் சேர்ந்துவிட்டன. நாற்பதாவது அரைகுறையாக மேசையில் கிடந்தபோது ஆமி வந்தது. சுடவே தெரியாத ஒரு மரக்கட்டைக்காக எட்டு மாதம் உள்ளே இருந்தான். அந்த எட்டு மாதத்தில் என்னென்ன நடந்தது என்று மனைவி அற்புதமலருக்கே அவன் முழுதாகச் சொன்னதில்லை. வெளியே வந்தபோது ஒன்றை மட்டும் தீர்மானித்துக்கொண்டான். இனிமேல் எவனும் தன்னைத் தச்சன் என்று கூப்பிடக்கூடாது.

பலெர்மோவில் ஏழு வருடம் அந்தத் தீர்மானம் நின்றது. வீட்டு வேலை செய்தான். தரை துடைத்தான், இஸ்திரிப் பெட்டியால் சட்டை அழுத்தினான், சிஞ்ஞோராக்கள் என்கிற வீட்டுக்கார அம்மாக்களின் நாய்களைக் கூட்டிக்கொண்டு நடந்தான். ஆனால் வாயைக் கட்டலாம், கையைக் கட்ட முடியுமா? கடைசியாக வேலைக்குச் சேர்ந்த வீட்டில், இருபது வருடமாக மூடாமல் அடம்பிடித்த ஒரு ஜன்னல் கதவை, யாரும் கேட்காமலே ஒரு மத்தியானத்தில் சீவிச் சரிக்கட்டிவிட்டான். அன்றைக்கே அந்த வீட்டுக்காரருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

அவர் பெயர் கூசுமானோ. ஓய்வுபெற்ற நில அளவையாளர், எழுபத்துநாலு வயது. அவருடைய மனைவி சிஞ்ஞோரா நீன்ஃபா. பிள்ளைகள் இல்லை. மனிதருக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சம் இருந்தது. சனிக்கிழமை தோறும் சுடும் கழகத்துக்குப் போய்க் காகித வட்டத்தைப் பிஸ்ரலால் சுடுவது. முப்பது வருடப் பழக்கம். ஆனால் வாதம் வந்து இரண்டு பெருவிரலும் வீங்கி விறைத்துவிட்டன. பிஸ்ரலைப் பிடிக்க முடிந்தது, சுட முடிந்தது. பிஸ்ரலின் பிடிக்குள் செருகுகிற ரவைக்கூட்டுக்குள் ரவையை அமுக்கி இறக்கத்தான் முடியவில்லை. உள்ளே இருக்கிற சுருள் வில் மூன்றாவது ரவைக்கு மேல் முறைத்துக்கொண்டு எதிர்த்தது. கழகத்தில் சின்னப் பெடியன்களிடம் நிரப்பித்தரும்படி கேட்க அவருக்கு வெட்கம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் தொடங்கிய வாரம், அவர் சமையலறை மேசையில் மூன்று ரவைக்கூடுகளையும் வரிசையாக வைத்துக் கிறிகோரியைக் கூப்பிட்டார்.

"கிரெகோரியோ, நீ மீன் பிடிக்கிறவன் இல்லை. மரவேலைக்காரன்" என்றார். "பொய் சொல்லாதே. அந்த ஜன்னலைப் பார்த்தேன். எனக்கு மரத்தில் ஒரு கருவி செய்து தா. இதை அதற்குள் நிறுத்த வேண்டும், விரல் நோகாமல் ரவை இறங்க வேண்டும். கடையில் என்னுடைய பழைய பிஸ்ரலுக்கு ஒன்றும் இல்லை."

கிறிகோரி மூன்று கூடுகளையும் பார்த்தான். மரம், துவக்கு, தச்சன். இந்த மூன்று சொல்லும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் மாட்டேன் என்றும் சொல்ல முடியாது. அற்புதமலரும் ஒன்பது வயது மகள் அமலினியும் கொழும்பில், கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜ் அறையில், ஐந்து மாதமாகக் காத்துக்கொண்டிருந்தார்கள். பொலிஸ் இரவிரவாகக் கதவைத் தட்டுவதும், அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு போவதும் அங்கே வழக்கமாகிவிட்டது. அவர்களை இங்கே கூப்பிடுவதற்கான அனுமதித் தாள் குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்தில் கிடந்தது. அதற்குக் கடைசியாக வேண்டியது, இவன் என் வீட்டில்தான் வேலை செய்கிறான், இவனுக்கு நான் பொறுப்பு என்று சிஞ்ஞோர் கூசுமானோ நேரில் வந்து போடும் கையெழுத்து. நாளும் குறித்திருந்தார்கள். பங்குனி மாதம் மூன்றாவது வியாழன்.

அதனால் கிறிகோரி, "ஸீ, சிஞ்ஞோர்" என்றான்.

"ஒன்று சொல்கிறேன்" என்றார் அவர். "இந்தக் கூடு இந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது. துவக்கின் பாகம் இது. சட்டம் பொல்லாதது. இங்கேயே பார், இங்கேயே அளந்துகொள்."

"ஸீ, ஸீ" என்று தலையை ஆட்டினான்.

வேண்டாவெறுப்பாகத்தான் தொடங்கினான். மண்ணிறத் தாளில் ரவைக்கூட்டை வைத்துச் சுற்றிக் கோடு கீறி, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு சீசா என்ற பகுதியில் இருந்த தன் அறைக்குப் போனான். சிஞ்ஞோரா நீன்ஃபாவின் வீட்டில் ஒரு சிராய்த்தூள் பறந்தாலும் வீடு இரண்டாகிவிடும். அதனால் வேலை முழுக்க சீசா வீட்டுப் பல்கனியில்தான். வீட்டு வேலைக்காரர்களுக்கு வியாழன் மத்தியானமும் ஞாயிறும் ஓய்வு. அந்த நேரத்தில் குந்தியிருந்து செதுக்கினான். குப்பைத்தொட்டியோரம் யாரோ எறிந்திருந்த கட்டில் கால்தான் மரம். பெயர் தெரியாத மரம், ஆனால் பாலை மரம் போல இறுக்கம்.

எப்படிச் செய்வது என்று மூன்று நாள் மண்டையைப் போட்டு உடைத்தான். பஸ்ஸில் நிற்கும்போது யோசித்தான், பூசையில் முழந்தாளில் இருக்கும்போதும் யோசித்தான். அமுக்க வேண்டும், ஆனால் ஒரு ரவையின் அளவுக்கு மேல் அமுக்கக் கூடாது. எங்கே நிற்பது என்பது கருவிக்கே தெரிந்திருக்க வேண்டும், கிழவரின் விரலுக்குத் தெரிய வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் குசினியில் ஞானம்பிகை அக்கா இடியப்பம் பிழிந்துகொண்டிருந்தார். அக்காவும் அவருடைய கணவர் ஆனந்தராசாவும் பக்கத்து அறையில் இருந்தார்கள், குசினி பொது. மர உரலுக்குள் மா, மேலே இருந்து அமுக்குகிற கட்டை. கட்டையின் தோள் உரலின் விளிம்பில் முட்டியதும் கட்டை நின்றுவிட்டது. கிறிகோரி தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அதையே வெறித்துப் பார்த்தான்.

"என்ன தம்பி, இடியப்பத்தைக் காணாத ஆள் மாதிரிப் பாக்கிறீர்?" என்றார் அக்கா.

"தோள், அக்கா. உந்தத் தோள்தான்" என்றான்.

அக்காவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காமல் இருந்ததே நல்லது என்று அவன் அப்போது நினைத்தான். பிறகு அந்த நினைப்புக்காகத் தன்னைத் தானே எத்தனை தரம் திட்டிக்கொண்டான்!

முதல் கருவி ஒரு வாரத்தில் முடிந்தது. சிஞ்ஞோர் ஆசையோடு ரவைக்கூட்டை அதற்குள் நிறுத்தினார். அது ஆடியது. மூன்று ரவை இறங்கியது, நாலாவது கோணலாகச் சிக்கிக்கொண்டது. தாளில் கீறிய கோட்டுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு மயிரிழை வித்தியாசம். ரவைக்கூடு நேராக நிற்கிற சாமான் இல்லை, முதுகு கொஞ்சம் வளைந்தது, அடி கொஞ்சம் அகன்றது. அது தாளில் விழாது.

"பரவாயில்லை, கிரெகோரியோ" என்றார் சிஞ்ஞோர்.

அந்தப் 'பரவாயில்லை'தான் எல்லாவற்றையும் கெடுத்தது. திட்டியிருந்தால் அவன் சிவனே என்று இருந்திருப்பான். பேசாலையில் அவன் செய்த அலுமாரிக்கோ கட்டிலுக்கோ யாரும் பரவாயில்லை என்று சொன்னது கிடையாது. பத்து வருடம் மூடிக் கிடந்த தச்சன் உள்ளே எழுந்து நின்று சண்டைக்கு வந்துவிட்டான். இரண்டு இரவு அவனுக்கு நித்திரை இல்லை. சாமானைப் பக்கத்தில் வைத்து, ஒரு தரம் செதுக்கி ஒரு தரம் நுழைத்து, மறுபடி செதுக்கி மறுபடி நுழைத்தால்தான் சரிவரும். அப்படித்தான் அவனுக்கு வேலை வரும், வேறு மாதிரி வராது.

குவெஸ்தூரா நாளுக்கு முந்திய வாரம். வியாழக்கிழமை மத்தியானம் வேலை முடிந்து கிளம்பும்போது, சிஞ்ஞோர் படுத்திருந்தார், சிஞ்ஞோரா குளியலறையில் இருந்தார். கிறிகோரி படிப்பறை மேசையிலிருந்து ஒரு ரவைக்கூட்டை எடுத்துக் கைலேஞ்சித் துணியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியின் அடித்தட்டில் வைத்தான். வெற்றுக் கூடு, உள்ளே ஒரு ரவை கிடையாது. வெள்ளி காலையில் திருப்பி வைத்துவிடலாம், சனிக்கிழமை வரை யாரும் தொடப்போவதில்லை. இது களவு இல்லை, இரவல் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டான். அவனே அதை நம்பவில்லை.

பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே, ஒரு நீதிபதியின் வீட்டு வாசலில், மண்மூட்டைக்குப் பின்னால் இரண்டு ஆமிக்காரர்கள் நின்றார்கள். மாஃபியாக்காரர்கள் நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்றதிலிருந்து நாலு வருடமாக அந்த மூலையில் நிற்கிறவர்கள்தான். தினமும் அவர்களைக் கடந்து போகிறவன்தான். அன்றைக்கு அவர்களில் ஒருவன் கொட்டாவி விட்டபோதுகூட கிறிகோரி ஓரடி பின்னால் நகர்ந்தான். பஸ்ஸில் இருக்க இடம் இருந்தது, இருக்கவில்லை. பெட்டியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். பக்கத்தில் நின்ற கிழவி, "உள்ளே என்ன, தங்கமா?" என்று கேட்டுச் சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான், முகம் ஒத்துழைக்கவில்லை.

ஆனால் பல்கனியில் குந்தி உளியைக் கையில் எடுத்ததும் பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டரை மணியிலிருந்து ஆறு மணிவரை தலை நிமிரவில்லை. உளியால் எடுத்தான், அரத்தால் தேய்த்தான், உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டினான். ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒரு தரம் நுழைத்துப் பார்த்தான். ஆறு மணிக்குச் சற்று முன், ரவைக்கூடு கட்டைக்குள் ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கி அசையாமல் நின்றது. அமுக்கினான். கட்டையின் தோள் விளிம்பில் முட்டி நின்றது. கிறிகோரி வாய்விட்டுச் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்துப் பல வருடம் ஆகியிருந்தது.

ஆறரைக்குச் சிலுவைப்பாதை. உலகம் முழுக்க அது வெள்ளிக்கிழமைதான், ஆனால் வெள்ளிக்கிழமை சிஞ்ஞோராக்கள் விடமாட்டார்களே என்பதால் பலெர்மோத் தமிழர்கள் இயேசுவை வியாழக்கிழமையே சிலுவை சுமக்க வைத்துவிட்டார்கள். கிறிகோரிதான் வாசகம் படிக்கிறவன். காலையில் மறந்துவிடக் கூடாது என்று ரவைக்கூட்டை மறுபடி கைலேஞ்சியில் சுற்றிச் சாப்பாட்டுப் பெட்டியில் வைத்தான். கருவியைக் குசினிச் சுவர்த் தட்டில் வைத்தான். கோவிலுக்கு ஓடினான்.

எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது, சாப்பாட்டுப் பெட்டி கழுவித் துடைத்துக் குசினியில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் கைலேஞ்சி, அதுவும் தோய்த்துக் காயப் போட்டிருந்தது.

கிறிகோரி பெட்டியைத் திருப்பி உள்ளே பார்த்தான். ஞானம்பிகை அக்கா கதிரையில் நிமிர்ந்து இருந்தார். அவனுக்காகத்தான் காத்திருந்தார்.

"அக்கா, பெட்டிக்கை ஒரு சாமான் இருந்தது."

"ஓம். இருந்தது."

"எங்கை?"

"ஆத்திலை."

"எந்த ஆத்திலை?"

"ஒரேத்தோ ஆத்திலை. பஸ் எடுத்துப் போய், பாலத்துக்குக் கீழை போட்டிட்டு வந்தனான்" என்றார் அக்கா. குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "இஞ்சை கிணறு இல்லையே. நான் வேறை என்ன செய்யிறது?"

கிறிகோரி நிலத்தில் குந்திவிட்டான்.

"தம்பி, உமக்கு என்ன விசரோ? பொம்பிளைப் பிள்ளையையும் மனுசியையும் கூப்பிட நாள் குறிச்சு வைச்சுக்கொண்டு உந்தச் சாமானை வீட்டுக்கை வைச்சிருக்கிறீர். பொலிஸ் வந்தால் உமக்கு மட்டுமே? என்ரை மனுசனுக்கு, எனக்கு, எல்லாருக்கும் இஞ்சை இருக்கிற பெர்மெஸ்ஸோ போகும். யார் தந்தவங்கள்?"

"ஒருத்தரும் தரேல்லை, அக்கா. அது சிஞ்ஞோரின்ரை. விளையாட்டுக்குச் சுடுற பிஸ்ரலின்ரை. அவருக்கு விரல் ஏலாது. அதுக்குத்தான் நான் உந்தக் கட்டையைச் செய்தனான்." தட்டில் இருந்த கருவியைக் காட்டினான்.

அக்கா அதைப் பார்த்தார். "நான் அதை இடியப்ப உரல் எண்டெல்லோ நினைச்சன்" என்றார். அதோடு அவருடைய நிமிர்வு போய்விட்டது. பிறகு மெல்லச் சொன்னார்.

"ஊரிலை என்ரை சொந்தத் தம்பியின்ரை அறையிலை உதே மாதிரி ரவைக்கூடு ஒண்டை நான் முந்திக் கண்டனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை, தொடவுமில்லை. ரெண்டாம் நாள் ஆமி சுத்திவளைப்பு. அண்டைக்கு நான் அதைக் கிணத்திலை போட்டிருந்தால் அவன் இண்டைக்கு இருந்திருப்பான். இண்டைக்கு உம்மடை பெட்டியைக் கழுவ எடுத்து, லேஞ்சியை அவிழ்த்தன். பிறகு நான் யோசிக்கேல்லை."

கிறிகோரிக்குக் கோபம் வரவேண்டும். வந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தான். வரவில்லை. அவனாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பான்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாததுமாக இரண்டு பேரும் ஒரேத்தோவில் நின்றார்கள். ஆறு என்று பெயர்தான். நாணல், பிளாஸ்ரிக் பைகள், ஒரு குளிர்சாதனப் பெட்டியின் கதவு, நடுவில் முழங்காலளவு கறுத்த தண்ணீர். அக்கா கையைக் காட்டிய இடத்தில் கிறிகோரி காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினான். அக்கா உடுத்தியிருந்தது சேலை இல்லை, வேலைக்குப் போகிற பாவாடை, அதைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் இறங்கினார். சேற்றுக்குள் கையை விட்டுத் தடவினார்கள். போத்தல், கம்பி, செருப்பு. ஒவ்வொரு தரமும் விரலில் இரும்பு தட்டும்போது கிறிகோரி மூச்சைப் பிடித்தான்.

"என்ன தேடுகிறீர்கள்?" என்று மேலேயிருந்து ஒரு குரல் இத்தாலியனில் கேட்டது.

பாலத்தருகே ஆமி ஜீப் நின்றது. மீசை சரியாக முளைக்காத ஒரு சிப்பாய் கரையில் நின்று எட்டிப் பார்த்தான். கிறிகோரி நிமிராமல் சேற்றையே தடவினான். எட்டு மாதம் உள்ளே இருந்தவனுக்குச் சீருடை எந்த நாட்டுடையதாக இருந்தாலும் ஒன்றுதான்.

"மோதிரம்!" என்றார் ஞானம்பிகை அக்கா. "என்னுடைய கல்யாண மோதிரம், சிஞ்ஞோர்! விழுந்துவிட்டது!" சொல்லிவிட்டு இடது கையைத் தண்ணீருக்குள் ஒளித்துக்கொண்டார்.

விபரீதம் அங்கேதான் தொடங்கியது. அந்தச் சிப்பாய் நல்ல பிள்ளை. "ஐயோ பாவம்" என்றான். துவக்கை ஜீப்பில் கூட்டாளியிடம் கொடுத்துவிட்டு, சப்பாத்தைக் கழற்றி, சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவனும் ஆற்றுக்குள் இறங்கிவிட்டான். இறங்கியவன் சும்மா தேடவும் இல்லை. அவர்கள் இரண்டு பேரையும்விட ஒழுங்காக, ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்கு, சேற்றை அள்ளி அள்ளிக் கரையில் கொட்டிப் பார்த்தான். இந்த வேகத்தில் போனால் கால் மணித்தியாலத்தில் அதைக் கண்டுபிடித்துவிடுவான். கண்டுபிடித்தால் இது என்ன என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

"அக்கா, மோதிரத்தைக் கண்டுபிடியுங்கோ" என்றான் கிறிகோரி பல்லைக் கடித்துக்கொண்டு.

"என்ன?"

"கையிலை கிடக்கிறதைக் கண்டுபிடியுங்கோ. கெதியா!"

அக்கா தண்ணீருக்குள்ளேயே மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார். பதினைந்து வருடம் விரலில் கிடந்த மோதிரம் சும்மா வருமா? இழுத்தார், திருகினார், கண்ணில் தண்ணீர் வந்தது. கடைசியில் சேற்று வழவழப்பில் கழன்றது. "கிடைத்துவிட்டது!" என்று கையைத் தூக்கினார். சிப்பாய் சந்தோசத்தில் கை தட்டினான். அக்காவின் கன்னத்தில் ஓடிய கண்ணீரைப் பார்த்து அவனுக்கும் கண் கலங்கியது. தன் அம்மாவும் இப்படித்தான் என்றான். இரண்டு பேரும் கரையேறும்வரை கை கொடுத்தான், பஸ் தரிப்பிடம்வரை கூட வந்தான், பஸ் போகும்வரை கையசைத்தான். திரும்பிப் போய்த் தேட வழியே இல்லாமல் போயிற்று.

கிறிகோரி ஈரக் காற்சட்டையோடு வேலைக்குப் போனான். கருவி பைக்குள் இருந்தது. வழி முழுக்க ஒரே கணக்குத்தான் மனதில் ஓடியது. வாயைத் திறக்காவிட்டால் என்ன? கிழவருக்கு எழுபத்துநாலு வயது. எங்கேயோ வைத்து மறந்துவிட்டார் என்று ஆகிவிடும். இன்னும் ஆறு நாள். அடுத்த வியாழன் கையெழுத்து விழும்வரை வாயை மூடிக்கொண்டு இருந்தால் அற்புதமலரும் அமலினியும் விமானம் ஏறுவார்கள். ஆறு நாள் மூச்சுக் காட்டாமல் இருக்கத் தெரியாதா அவனுக்கு? எட்டு மாதம் இருந்தவன்தானே.

சிஞ்ஞோர் சனிக்கிழமை வரை காத்திருக்கவில்லை. பத்து மணிக்கே படிப்பறையில் சத்தம் கேட்டது. மேசை லாச்சிகள் திறந்து மூடின. பிறகு கோட்டுப் பைகள், பிறகு புத்தகங்களுக்குப் பின்னால், பிறகு குளியலறை. "இரண்டுதான் இருக்கிறது" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்தார். கிறிகோரி நடைக்கூடத் தரையைத் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"உன் அண்ணனுக்கும் இப்படித்தான் தொடங்கியது" என்றார் சிஞ்ஞோரா நீன்ஃபா, சமையலறையிலிருந்து. கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னார். அந்த அண்ணன் கடைசி மூன்று வருடம் தன் பெயரே தெரியாமல் கிடந்து செத்தவர். அந்தக் கதையைக் கிறிகோரியும் கேட்டிருக்கிறான்.

சிஞ்ஞோர் தேடுவதை நிறுத்தினார். கட்டில் விளிம்பில் போய் இருந்தார். சற்று நேரம் கழித்துக் கிறிகோரியைக் கூப்பிட்டார், மெல்லிய குரலில், மனைவிக்குக் கேட்காமல்.

"கிரெகோரியோ, நேற்று வியாழன்தானே?"

"ஓம், சிஞ்ஞோர்" என்று தமிழிலேயே வந்துவிட்டது.

"நேற்று மத்தியானம் நான் என்ன சாப்பிட்டேன்? இரு, சொல்லாதே. நானே சொல்கிறேன்." அவர் கண்ணை மூடினார். "பருப்பு. பருப்புச் சூப். இல்லையா?"

பருப்புச் சூப்தான். கிறிகோரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. ஆமியிடம் அடி வாங்கியபோதுகூடத் தான் இவ்வளவு கேவலமானவன் என்று அவன் நினைத்ததில்லை. பைக்குள் கையை விட்டான், கருவியை எடுத்து அவருடைய மடிக்குப் பக்கத்தில் வைத்தான்.

"நான் எடுத்தேன். நேற்று. அளவு சரியாக வரவில்லை என்று எடுத்தேன். இன்று கொண்டுவர இருந்தேன். இப்போது ஆற்றில் கிடக்கிறது."

"யார் ஆற்றில் போட்டது?"

"நான்தான். பயத்தில்."

சிஞ்ஞோர் அவனைப் பார்த்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது நிம்மதி. தன் மூளை தன்னிடம்தான் இருக்கிறது என்ற நிம்மதி. அது போனபிறகு வந்தது வேறு. அதைக் கிறிகோரி பார்க்கவில்லை, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர் எழுந்து படிப்பறைக்குப் போனார். மிச்சம் இருந்த இரண்டில் ஒரு ரவைக்கூட்டைக் கருவிக்குள் இறக்கினார். ஆடவில்லை. உள்ளங்கையின் அடியால் கட்டையை அமுக்கினார், ஒரு ரவை இறங்கியது. இன்னொன்று. நாலாவது, ஐந்தாவது. பத்தும் போயின, விரலுக்கு வேலையே இல்லை. பத்தாவது இறங்கியபோது அவர் வாய் தன்னை அறியாமல், "அழகு" என்றது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பெட்டியில் போட்டார், கோட்டை மாட்டினார், பிஸ்ரலை அதன் பெட்டியோடு எடுத்துக்கொண்டு கரபினியேரி பொலிஸ் நிலையத்துக்குப் போனார். காணாமல் போனால் அறிவித்தே ஆக வேண்டும், சட்டம். எதைச் சொல்லப் போகிறேன் என்று அவர் சொல்லவில்லை. கிறிகோரியும் கேட்கவில்லை.

இரண்டு மணித்தியாலம் அவன் ஒரே சட்டையை அழுத்திக்கொண்டிருந்தான். கதவு மணி அடித்தால் யார் வந்து நிற்பார்கள் என்று மனம் நூறு விதமாகக் காட்டியது. லொட்ஜ் வாசலில் அமலினி நிற்பதும் தெரிந்தது. சிஞ்ஞோர் தனியாகத்தான் வந்தார், வெறுங்கையோடு.

"கழகத்திலிருந்து வரும் வழியில் எங்கேயோ விழுத்திவிட்டேன், எங்கே என்று நினைவில்லை என்று சொன்னேன்" என்றார் மனைவியிடம். "நினைவில்லாதவனுக்குப் பிஸ்ரல் எதற்கு என்று கேட்டார்கள். துவக்கு அனுமதியையும் பிஸ்ரலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். கேட்டது நியாயம்தான்."

சிஞ்ஞோரா வாயைப் பொத்திக்கொண்டார். கிறிகோரி சிஞ்ஞோரின் கையைப் பிடித்து முத்தமிடப் போனான். அவர் கையை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார்.

அடுத்த வியாழன் அவர் சொன்ன நேரத்துக்குக் குவெஸ்தூராவுக்கு வந்தார். இரண்டு மணித்தியாலம் வரிசையில் நின்றார், பேனாவைப் பெருவிரல் இல்லாமல் பிடித்துக் கையெழுத்துப் போட்டார். தாள் கிடைத்தது. ஏழு வருடம் காத்திருந்த தாள், ஒரு பக்கம், இரண்டு முத்திரை. கிறிகோரிக்குச் சத்தம் போட்டு அழவேண்டும் போல இருந்தது. தொலைபேசியில் அற்புதமலர், "உண்மையா? உண்மையா?" என்று மூன்று தரம் கேட்டாள். பிறகு, "அந்த மனுசன் தெய்வம். அவருக்கு நான் வந்து சமைச்சுக் குடுப்பன், சொல்லுங்கோ" என்றாள். ஓம், சொல்லுறன் என்றான். சொல்லவில்லை.

திங்கட்கிழமை சிஞ்ஞோர் ஒரு புதுப் பூட்டை மேசையில் வைத்தார். படிப்பறைக் கதவுக்குப் பூட்டு வேண்டும் என்றார். பிஸ்ரல் இல்லாத அறைக்குப் பூட்டு எதற்கு என்று கிறிகோரி கேட்கவில்லை. உளியைக் கொண்டுவந்தான். கதவில் குழி வெட்டினான், பூட்டை அளவாக இறக்கினான், திருகாணிகளை மரத்தோடு மட்டமாக முடுக்கினான். எப்போதும் செய்கிற மாதிரித்தான் செய்தான், ஒரு குறை வைக்கவில்லை.

சிஞ்ஞோர் கதவைச் சாத்தி, பூட்டுக்குள் திறப்பைப் போட்டுத் திருப்பினார். புதுப் பூட்டு, இறுக்கமாக இருந்தது. மறுபடி திருப்பினார். விரல் வழுக்கியது. மூன்றாவது தரம் முயன்றுவிட்டு, கிறிகோரியைப் பார்க்காமல் திறப்பை அவன் பக்கமாக நீட்டினார்.

கிறிகோரி கதவைப் பூட்டினான். கைப்பிடியை ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். திறப்பை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிராய்களைக் கூட்டி அள்ளினான்.